ஒரு பானைச் சோறும் ஐந்து பொட்டலங்களும்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். முப்பத்தேழு ஆண்டுகள் இரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து 2018-ல் ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பழமொழியைத் தொழில் முறையில் எத்தனையோ தடவை சோதித்துப் பார்த்திருக்கிறேன். பழமொழி பொய்யில்லை. ஆனால் அதற்குச் சொல்லாமல் விட்ட இரண்டு நிபந்தனைகள் உண்டு. சோறு முழுவதும் ஒரே பானையில் வெந்திருக்க வேண்டும். பதம் பார்ப்பவர் மேலாக எடுக்காமல் அடிவரை கிளறி எடுக்க வேண்டும். பக்கத்து அடுப்பில் இருக்கும் வேறு பானையின் சோற்றுக்கு இந்தச் சோறு சாட்சி சொல்லாது.

தண்டவாளத்துக்கு அடியில் பரப்பும் கருங்கல் ஜல்லியைக் காண்ட்ராக்டர் கொண்டுவந்து குவிப்பார். அதை ஏற்றுக்கொள்ளும் முன் மாதிரி எடுத்துச் சலித்துப் பார்க்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 செ.மீ. உள்ள ஒரு மரப்பெட்டி. குவியலின் பல இடங்களிலிருந்தும் அள்ளி அதை நிரப்பி, 65, 40, 20 மி.மீ. சல்லடைகளில் சலிக்க வேண்டும். மேலாக அள்ளினால் எல்லாக் குவியலும் நல்ல குவியல்தான்! மண்ணும் பொடியும் நடுவில் அல்லவா இருக்கும்? ஜல்லியைப் பாதையில் கொட்டிப் பரப்பிய பிறகு அந்தக் குவியல் இல்லை. யாரும் திரும்பிப் போய் அளக்க முடியாது. மிஞ்சுவது சோதனைத் தாளும், அதன் அடியில் போட்ட கையெழுத்தும்தான். கையெழுத்து தவறானால் அதன் பலனை அனுபவிப்பது அந்தப் பாதையில் போகும் வண்டி.

ஜல்லியைப் பற்றி எழுத இந்தக் கட்டுரை இல்லை. கஞ்சா வழக்குகளைப் பற்றி எழுத வந்தேன். பறிமுதல் செய்த கஞ்சாவில் மாதிரி எடுப்பது எப்படி என்பது போலீசாரும் வக்கீல்களும் கவலைப்பட வேண்டிய விஷயம், நமக்கென்ன என்று அன்பர்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 2009-ல் ஒரு மழைக்கால இரவு வரையில்.

மத்திய இந்தியாவில் ஒரு சந்திப்பு நிலையம். பெயர் வேண்டாம். இரவு வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பார்சல் ஆபீஸ் வாசலில் சிறு கூட்டம். இருபது வயதுப் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் நனைந்த சாக்கு ஒன்று. அதற்குள் போர்வையில் சுற்றிய ஐந்து பொட்டலங்கள், பழுப்பு நாடா ஒட்டியவை. "சார், நீங்கள் படித்தவர், அரசாங்க ஊழியர். பஞ்ச் சாட்சியாக ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் கேட்டார். மறுக்கத் தோன்றவில்லை.

சாக்கோடும் போர்வையோடும் பார்சல் ஆபீஸ் தராசில் ஏற்றினார்கள். இருபத்தொன்றரைக் கிலோ என்று எழுதினார்கள். ஒரு பொட்டலத்தைக் கத்தியால் கீறி, இரண்டு பிடி எடுத்து, இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, அரக்கு வைத்தார்கள். மற்ற நான்கு பொட்டலங்களையும் பிரிக்கவேயில்லை. "யாரோ ஒருவர் அடுத்த ஸ்டேஷனில் கொடுத்துவிடச் சொன்னார்" என்று பையன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பஞ்சநாமா என்ற பெயரில் நான்கு தாள்கள் வந்தன. நான் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். மணி பதினொன்றரை, வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

காண்ட்ராக்டரின் ஜல்லியாக இருந்திருந்தால் அப்படிப்பட்ட எடையையும் அப்படிப்பட்ட மாதிரியையும் நான் ஏற்றுக்கொண்டிருப்பேனா? "எல்லாவற்றையும் பிரி, சாக்கைத் தனியாக நிறு" என்று கத்தியிருப்பேன். கல்லுக்குக் காட்டிய கண்டிப்பை மனிதனுக்குக் காட்டவில்லை. அதுதான் என் குற்றம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த இருபத்தொன்றரைக் கிலோவின் பொருள் என்ன என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை எடையைப் பொறுத்தது. 2001-ல் கொண்டுவந்த திருத்தமும், அதே ஆண்டு அக்டோபரில் வெளியான அறிவிக்கையும் கஞ்சாவுக்கு இரண்டு கோடுகள் போட்டன. ஒரு கிலோ வரை சிறிய அளவு. இன்றைய சட்டப்படி அதிகபட்சம் ஓராண்டுச் சிறை. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு, அபராதம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை போகலாம், ஆனால் குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. நீதிபதி ஆளையும் சூழ்நிலையையும் பார்த்து முடிவு செய்யலாம். வணிக அளவு என்று எழுதிவிட்டால் ஜாமீனும் அரிது. 37-ஆம் பிரிவின்படி, இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப இடமிருக்கிறது என்று நீதிமன்றம் முதலிலேயே திருப்தி அடைய வேண்டும். போதாததற்கு, பொருள் கையில் இருந்தது என்று காட்டிவிட்டால், தெரியாமல் வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் சுமையும் பிடிபட்டவர் தலையில்தான்.

இவ்வளவு கடுமையான சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆந்திர, ஒரிசா எல்லை மலைகளிலிருந்து கிளம்பும் மூட்டைகள் நம் வண்டிகளில்தான் நாடு முழுவதும் போகின்றன. 2019-ல் இரயில்வே பாதுகாப்புப் படைக்கே இந்தச் சட்டத்தின்கீழ் சோதனையிடவும் கைது செய்யவும் அதிகாரம் கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் ஒரு கிலோ இப்படி அப்படி ஆனால் ஒருவன் வாழ்க்கையில் பத்து வருடம் கூடவோ குறையவோ செய்யும் என்றால், அந்தக் கிலோவை நிறுப்பதில் எவ்வளவு கவனம் வேண்டும்? நனைந்த ஒரு சாக்கும் ஒரு போர்வையும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ வராதா?

இன்னொரு கேள்வியும் உண்டு. எதை நிறுக்கிறோம்? சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூத்த, காய்த்த நுனிகள். அந்த நுனிகள் இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. வட இந்தியாவில் சில மாநிலங்களில் இலையை 'பாங்க்' என்று அரசாங்க லைசென்ஸ் கடையில் விற்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். செடியை வேரோடு பிடுங்கி, தண்டும் இலையுமாகச் சேர்த்து நிறுத்து, அத்தனையும் கஞ்சா என்று எழுதுவது எந்தக் கணக்கு? ஜாமீன் மனுக்களில் உயர் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைப் பல தடவை கேட்டிருக்கின்றன.

இப்போது மாதிரிக்கு வருகிறேன். பறிமுதலான கஞ்சாவை வழக்கு முடியும்வரை மலைமலையாகக் குவித்து வைத்திருக்க முடியாது. அதனால் 1989-ல் சட்டத்தில் 52ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பட்டியல் தயாரித்து, மாஜிஸ்திரேட்டிடம் விண்ணப்பித்து, அவர் முன்னிலையில் படமும் மாதிரியும் எடுத்து, அவர் சான்று கொடுத்தபின் மிச்சத்தை அழித்துவிடலாம். பட்டியலும் படங்களும் மாதிரியுமே வழக்கில் முதன்மைச் சாட்சியம். அதாவது மூட்டை எரிந்துபோகும், மாதிரிதான் மிஞ்சும். நான் சொன்ன ஜல்லியின் கதையேதான் இது.

அதே 1989-ல் மத்திய அரசு வெளியிட்ட நிலை ஆணை எண் 1/89-ஐ ஒரு பொறியாளனின் கண்ணோடு படித்துப் பார்த்தேன். நல்ல ஆணை. கஞ்சா என்றால் மாதிரி ஒன்றுக்கு 24 கிராம், அதுவும் இரட்டையாக. ஒவ்வொரு பொட்டலத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எடுக்கும் முன் உள்ளே இருப்பதை நன்றாகக் கலக்க வேண்டும். பொட்டலங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே எடை, ஒரே அடையாளம் கொண்டவையாக இருந்து, நிறச் சோதனையிலும் ஒரே முடிவு காட்டினால் மட்டும், கஞ்சாவில் நாற்பது பொட்டலங்கள் வரை ஒரு தொகுதியாகச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் சம அளவு எடுத்துக் கலந்து மாதிரி செய்யலாம். பழமொழியின் நிபந்தனைகளைத்தான் ஆணையும் சொல்கிறது. முதலில் எல்லாம் ஒரே பானைச் சோறா என்று பார். அப்புறம் பதம் பார்.

நடைமுறையில் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் செய்துவிடுகிறார்கள். விளைவு என்ன என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டரைக் கிலோப் பொட்டலங்கள் பத்து. மொத்தம் 25 கிலோ. ஆறில் உண்மையான கஞ்சா, நான்கில் வெறும் இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான அளவு 15 கிலோ. வணிக அளவு இல்லை. தனித்தனியாகச் சோதிக்காமல் பத்திலும் ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து அனுப்பினால் ஆய்வுக்கூடம் என்ன சொல்லும்? 'கஞ்சா' என்றுதான் சொல்லும். மைக்ராஸ்கோப்பில் செடியின் ரோமங்களைப் பார்ப்பதும் நிறச் சோதனை செய்வதும் இருக்கிறதா இல்லையா என்று சொல்லுமே தவிர, பத்தில் எத்தனை பொட்டலம் என்று சொல்லாது. 25 கிலோவும் கஞ்சா ஆகிவிடும். கலப்படப் பொருளோடு சேர்ந்த மொத்த எடையையும் கணக்கில் எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அது கடத்துபவன் செய்த கலவைக்கு. இங்கே கலவையைச் செய்தது அதிகாரியின் கை. தில்லி உயர் நீதிமன்றம் 2012-ல் ஒரு சரஸ் வழக்கில், எட்டுப் பொட்டலங்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக் கலந்த மாதிரியை முறையான மாதிரியாக ஏற்கவில்லை.

எல்லாவற்றையும் கலப்பது ஒரு தவறு என்றால், ஒன்றை மட்டும் பார்ப்பது மற்றொரு தவறு. 1993-ல் கோவா வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு வெளிநாட்டவரிடம் சரஸ் துண்டுகள் இரண்டு கிடைத்தன. சோதனைக்குப் போனது ஒன்றுதான், அதுவும் ஐந்து கிராமுக்குக் குறைவு. சோதித்ததுதான் நிரூபணம் ஆனது, சோதிக்காததைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். என் பெட்டிக் கணக்கும் அதைத்தான் சொல்லும்.

தெலங்கானா வழக்கு ஒன்றில் 2024 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. 80 கிலோ கஞ்சா என்று வழக்கு. மூட்டைகளில் கஞ்சாவோடு பச்சை மிளகாயும் இருந்தது. பிடித்த அதிகாரி மிளகாயைப் பிரித்து நிறுக்கவில்லை. பஞ்சநாமாவில் மிளகாய் என்ற வார்த்தையே இல்லை. அப்படியானால் கஞ்சா எவ்வளவு, மிளகாய் எவ்வளவு? 80 கிலோ என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று கூறி, மாதிரி எடுத்ததில் இருந்த மற்றக் குறைகளையும் சேர்த்துக் காட்டி, எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்கள். மிளகாயைப் பொறுக்கித் தனியாக நிறுக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்குமா?

எடுத்த மாதிரி பத்திரமாகப் போய்ச் சேர்வதும், மிச்சம் பத்திரமாக இருப்பதும் அடுத்த கவலை. 2022-ல் மதுராவில் போலீசார் இரண்டு நிலையங்களில் வைத்திருந்த 581 கிலோ கஞ்சாவை எலிகள் தின்றுவிட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். வடக்கத்திக் கதை என்று நாம் சிரிக்க முடியாது. 2023-ல் சென்னையிலும் 22 கிலோ வழக்கில் எலிகளே பதில் சொல்ல, பிடிபட்ட இருவரும் விடுதலையானார்கள்.

என் வழக்குக்குத் திரும்பி வருகிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து எனக்குச் சம்மன் வந்தது. அந்தப் பையன் அதுவரை சிறையில்தான் இருந்தான். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்விகள் நான்கே நான்கு. எத்தனை பொட்டலம் பிரித்தார்கள்? ஒன்று. மற்றவற்றில் என்ன இருந்தது? தெரியாது. சாக்கைத் தனியாக நிறுத்தார்களா? இல்லை. நீதிமன்றத்தில் கொண்டுவந்து வைத்த இந்தச் சாக்கில் உங்கள் கையெழுத்துப் போட்ட சீட்டு இருக்கிறதா? பார்த்தேன், இல்லை. வழக்கு தோற்றது.

வெளியே வந்தபோது பையனின் தகப்பனார் என் முன்னால் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையைச் சொல்லி மகனைக் காப்பாற்றினேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு நிற்க முடியவில்லை. அந்த உண்மையை முதல் நாள் இரவே சொல்லியிருக்க வேண்டியவன் நான். அவன் தெரிந்தே கடத்தினானா, ஏமாந்து சுமந்தானா, பொட்டலங்களில் இருந்தது எட்டுக் கிலோவா இருபது கிலோவா, எனக்கு இன்றுவரை தெரியாது. நீதிமன்றத்துக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை அந்த இரவிலேயே அடைத்துவிட்டோம்.

ஆகவே, 'முறைப்படி மாதிரி எடு என்பது குற்றவாளிக்குச் சாதகமான பேச்சு' என்று சொல்லும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான். முறையற்ற மாதிரியால் நிரபராதி வருடக்கணக்கில் உள்ளே கிடக்கிறான். கடத்தல்காரன் கடைசியில் வெளியே போகிறான். இரண்டு நஷ்டமும் ஒரே தவறிலிருந்து வருகின்றன.

சட்டம் தன் பங்குக்குத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிடித்த இடத்திலேயே மாதிரி எடுக்க 1989-ஆம் ஆண்டு ஆணை சொன்னது. மாஜிஸ்திரேட் முன்னிலையில் என்றது 52ஏ. இந்த முரண்பாட்டை 2016 ஜனவரியில், அன்றைய தலைமை நீதிபதி டி.எஸ். தாக்கூர் தலைமையிலான அமர்வு, மோகன்லால் வழக்கில் தீர்த்துவைத்தது. மாதிரி மாஜிஸ்திரேட்டின் மேற்பார்வையில்தான் எடுக்கப்பட வேண்டும். 2022 டிசம்பரில் புதிய விதிகள் வந்தன. பொட்டலம் ஒவ்வொன்றையும் தனியாக நிறுக்க வேண்டும், வரிசை எண் போட வேண்டும் என்று அவை தெளிவாகச் சொல்கின்றன. இனி ஆணை இல்லை, விதி இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. 52ஏ பிரிவை மீறினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கு தானாக விழுந்துவிடாது. மற்றச் சாட்சியங்கள் நம்பும்படி இருந்தால் தண்டிக்கலாம். நியாயமான வார்த்தைதான். ஏதோ ஓர் உறையில் தேதி தவறிவிட்டது என்பதற்காகப் பெரிய கடத்தல்காரனை விட்டுவிடக் கூடாது. ஆனால் இதை அலட்சியத்துக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. தேதி தவறுவது வேறு, பொட்டலத்தைப் பிரிக்காமலே விடுவது வேறு. முதலாவது எழுத்துப் பிழை. இரண்டாவது பொருளே இல்லாத கணக்கு.

மாஜிஸ்திரேட்டுகளுக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். கேள்வி சரியானது. ஆனால் மாவட்டத்துக்கு ஒருவர், வாரத்தில் ஒரு நாள் என்று இதற்கென்றே ஒதுக்கலாம். முத்திரை போட்ட நல்ல எலக்ட்ரானிக் தராசு ஒவ்வொரு பெரிய இரயில் நிலையத்திலும் காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும். மூட்டை நிறுக்கும் தராசில் மனிதன் தலைவிதியை நிறுக்கக் கூடாது. சாக்கு, போர்வை, நாடா எல்லாவற்றின் எடையையும் தனியாக எழுத வேண்டும். பொட்டலம் பிரிப்பதிலிருந்து அரக்கு வைப்பது வரை தொடர்ச்சியாக வீடியோ எடுக்க வேண்டும். இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. எலி புகாத கிடங்கு ஒன்று கட்டுவது, எத்தனையோ பாலம் கட்டிய நாட்டுக்குப் பெரிய வேலையில்லை.

கடைசியாக, நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் அரசு ஊழியர்கள், வங்கி ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள். நம்பத் தகுந்த முகம் என்று நம்மைத்தான் பஞ்ச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள், அது குடிமகனின் கடமை. ஆனால் பாஷை புரியவில்லை என்றால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை பொட்டலம் என்று நீங்களே எண்ணுங்கள். தராசின் முள்ளை நீங்களே பாருங்கள். எண் போட்ட சீட்டு ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். அதிகாரி முகம் சுளிப்பார். பரவாயில்லை. நேர்மையான அதிகாரியாக இருந்தால் நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களுக்கு நன்றி சொல்வார்.

அன்று இரவு நான் வீட்டுக்குப் போய்ச் சூடு பண்ணிய சாப்பாட்டைச் சாப்பிட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் சாப்பாடு ஆறியிருக்கும், அவ்வளவுதான்.